பி0420 வந்தால் கேட்டலிடிக் கன்வெர்ட்டரை மாற்றுவதற்கு முன்: மலிவு ஈஎல்எம்327 ஸ்கேனர் பற்றி ஒரு விரிவான மதிப்புரை

பழைய பெட்ரோல் காரில் செக் என்ஜின் விளக்கு எரிகிறது, ஸ்கேனரில் பி0420 என்ற பிழைக் கோடு (கன்வெர்ட்டரின் திறன் குறைந்ததாகச் சொல்லும் எண்) வருகிறது என்றால், பல ஒர்க்‌ஷாப்களில் உடனே வரும் பதில் "கேட் போயிடுச்சு சார், மாத்தணும்" என்பதுதான். கேட் என்பது புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர். அதன் கம்பெனி பாகத்தின் விலையைக் கேட்டால் தலை சுற்றும். பத்து வருட வண்டியின் மதிப்பில் ஒரு நல்ல பங்கை அது விழுங்கிவிடும். அந்தச் செலவுக்குத் தலையாட்டும் முன், காரின் சாக்கெட்டில் செருகினால் என்ஜின் விவரங்களைப் போனுக்கு அனுப்பும், ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும் ஈஎல்எம்327 ப்ளூடூத் அடாப்டரையும் கையிலிருக்கும் ஆண்ட்ராய்டு போனையும் வைத்து எவ்வளவு தூரம் உண்மையைத் தோண்டலாம்? பிஎஸ்4 (பாரத் ஸ்டேஜ் 4 புகை விதி) காலத்துப் பெட்ரோல் வண்டிகளை மனதில் வைத்து எழுதிய மதிப்புரை இது.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். வாங்கலாம். கோடு படிக்க மட்டும் என்றால் தேவையில்லை, அதை எந்தக் கடையிலும் ஐந்து நிமிடத்தில் பார்த்துச் சொல்வார்கள். கன்வெர்ட்டருக்குப் பின்னால் இருக்கும் ஆக்சிஜன் சென்சார் என்ன சொல்கிறது என்பதை ஓடும் என்ஜினில் நேரடியாகப் பார்க்க முடிகிறதே, அதற்காகத்தான் இந்தக் காசு. ஆனால் இந்தக் கருவிக்கு ஒரு பெரிய பலவீனம் உண்டு. அது தெரியாமல் திரையை நம்பினால் நல்ல பாகத்தைக் கழற்றிப் போட நேரிடும்.

முதலில் கோடு என்ன சொல்கிறது என்பதைப் பார்ப்போம். கன்வெர்ட்டர் செத்துவிட்டது என்று எந்த ஈசியூவுக்கும் (என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) நேரடியாகத் தெரியாது. அதற்குத் தெரிந்தது இரண்டு சென்சார்களின் வோல்டேஜ் மட்டும். முன்சென்சார், என்ஜினிலிருந்து வரும் புகையில் ஆக்சிஜன் கூடுவதையும் குறைவதையும் 0.1 முதல் 0.9 வோல்ட் வரை ஏறி இறங்கிக் காட்டும். கன்வெர்ட்டரின் உள்ளே தேன்கூடு போன்ற பீங்கானில் பூசியிருக்கும் சீரியம் ஆக்சைடு, ஆக்சிஜன் அதிகமாகும்போது பிடித்து வைத்துக்கொள்ளும், குறையும்போது விட்டுக்கொடுக்கும். அதனால் பின்சென்சாருக்கு ஏற்ற இறக்கம் போய்ச் சேராது. 0.6, 0.7 வோல்ட் பக்கத்தில் ஏறத்தாழ நேர்கோடாக நிற்கும். அந்தச் சேமிப்புத் திறன் குறைந்தால் முன்சென்சாரின் ஆட்டம் பின்னாலும் தெரியத் தொடங்கும். அதைப் பார்த்துத்தான் ஈசியூ பி0420 போடுகிறது. பின்சென்சாரின் வோல்டேஜ் ஆடுவதற்குக் கன்வெர்ட்டரைத் தவிர வேறு காரணங்களும் உண்டு. எக்ஸாஸ்ட் கசிவு, மிஸ்ஃபயர் (சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியாமல் போவது), கலவைக் கோளாறு ஆகிய மூன்றும்தான் அடிக்கடி ஆளை ஏமாற்றுபவை.

இந்தியாவில் 2010 ஏப்ரலில் வந்த முதல் கட்ட ஓபிடி விதி (வண்டி தன் கோளாறைத் தானே கண்டறிய வேண்டும் என்ற விதி) அல்ல, 2013 ஏப்ரலில் வந்த இரண்டாம் கட்டம்தான் கன்வெர்ட்டரின் திறனைக் கண்காணிப்பதைக் கட்டாயமாக்கியது. ஆகவே 2011, 2012 வண்டியில் ஸ்டீயரிங்குக்குக் கீழே பதினாறு பின் சாக்கெட் இருந்தாலும் இந்தக் கோடு வராமலே போகலாம். கோடு வரவில்லை என்பதற்காக அந்த வண்டியின் கன்வெர்ட்டர் நன்றாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

இனி அடாப்டர். ஈஎல்எம்327 என்பது கனடாவின் ஈஎல்எம் எலக்ட்ரானிக்ஸ் உருவாக்கிய சிப்பின் பெயர். சந்தையில் அந்தப் பெயரோடு விற்பவை கிட்டத்தட்ட எல்லாமே நகல். பெட்டியில் "வெர்ஷன் 1.5" என்று அச்சடித்திருப்பார்கள். அப்படியொரு வெர்ஷனை அந்தக் கம்பெனி வெளியிட்டதே இல்லை. ஆனாலும் 1.5 என்று விற்கப்படும் நகல்களில், உள்ளே பிக்18எஃப்25கே80 சிப் வைத்தவை பொதுவாக நன்றாகவே வேலை செய்கின்றன. 2.1 என்று விற்கப்படும் கட்டைவிரல் அளவு நீலப் பெட்டிகள் பலவற்றில் பாதிக் கட்டளைகள் கிடையாது. ஈசியூவோடு பேசும் முறை வண்டிக்கு வண்டி மாறும்: வேகமான கேன் முறை வண்டியில் சமாளித்துவிடும், பழைய, மெதுவான கே-லைன் முறை வண்டியில் இணைப்பு அடிக்கடி அறுந்துபோகும். வாங்கியதும் ஈஎல்எம்327 ஐடென்டிஃபயர் போன்ற இலவசச் செயலியில் போட்டு எத்தனை கட்டளைகளை அது ஏற்கிறது என்று பாருங்கள். கணிசமானவை தோல்வி என்று வந்தால் ரிட்டர்ன் நாள் முடிவதற்குள் திருப்பிவிடுவது நல்லது.

ஐபோன் வைத்திருப்பவர்கள் கவனிக்க: பழைய ரக ப்ளூடூத் அடாப்டர் ஐபோனோடு சேராது. ப்ளூடூத் 4.0 அல்லது வைஃபை ரகம் தேவை. ஆண்ட்ராய்டில் இணைக்கும்போது பின் எண் கேட்டால் 1234 அல்லது 0000. செயலியில் கார் ஸ்கேனர், டார்க் ப்ரோ இரண்டுமே இந்த வேலைக்குப் போதும். மோடு 6 விவரங்களை, அதாவது ஈசியூ தானே நடத்தும் சோதனைகளின் அளவுகளை, படிக்கக் கார் ஸ்கேனர் எளிது.

அந்தப் பெரிய பலவீனம் வேகம். மலிவு அடாப்டர் கேன் வண்டியில் நொடிக்கு ஏழெட்டு அளவுகளைக் கொண்டுவந்தாலே அதிகம். கே-லைன் வண்டியில் மூன்று நான்குதான். திரையில் ஆறு மீட்டர்களை அழகாக அடுக்கினால் அந்த மூன்று நான்கையும் ஆறும் பங்கு போட்டுக்கொள்ளும், ஒவ்வொன்றுக்கும் இரண்டு நொடிக்கு ஒரு முறைதான் எண் வரும். ஆனால் நல்ல முன்சென்சார் 2500 ஆர்பிஎம்மில் நொடிக்கு ஒன்றிரண்டு முறை மேலும் கீழும் போய் வருகிறது. நொடிக்கு ஒரு முறை கண்ணைத் திறந்து பார்க்கும் ஆளிடம் அதைக் காட்டினால் அவனுக்கு என்ன தெரியும்? மெதுவாக, சோம்பலாக அசையும் ஒரு அலை தெரியும். அதைப் பார்த்துவிட்டு "முன்சென்சார் ஸ்லோ" என்று முடிவு கட்டிப் புது சென்சார் வாங்கினால், காசு போனதோடு கோடும் அப்படியே இருக்கும்.

இதற்கு வழி எளியது. கிராஃபில் ஒரே ஒரு அளவை மட்டும் வையுங்கள்: பேங்க் 1 சென்சார் 2, அதாவது பின்சென்சார். பேங்க் என்பது சிலிண்டர் வரிசை. நான்கு சிலிண்டர் வரிசை என்ஜினில் ஒரே பேங்க்தான், குழப்பம் இல்லை. டார்க் ப்ரோவில் அடாப்டர் அமைப்புக்குள் வேகமான தொடர்புக்கு ஒரு தேர்வு இருக்கிறது, அதையும் போட்டுப் பாருங்கள். அப்போதும் அலையின் வடிவத்தை நம்பாமல், உச்சம் எவ்வளவு, அடி எவ்வளவு என்பதை மட்டும் பாருங்கள். எண்கள் அரிதாக வந்தாலும் ஒரு நிமிடத்தில் நூறு எண் சேர்ந்துவிடும். அவை 0.6க்கும் 0.75க்கும் இடையில் குவிகின்றனவா, 0.1 முதல் 0.8 வரை சிதறிக் கிடக்கின்றனவா என்பதில் சந்தேகத்துக்கு இடமே இருக்காது.

சோதனையைத் தொடங்கும் முன் எதையும் அழிக்காதீர்கள். கோடு விழுந்த நொடியில் வண்டி எந்த வேகத்தில், எந்தச் சூட்டில், என்ன லோடில் இருந்தது என்பதை ஃப்ரீஸ் ஃப்ரேம் சேமித்து வைத்திருக்கும். "கிளியர்" பட்டனை அழுத்தினால் அதுவும் சேர்ந்து அழியும். ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டு, கூடவே வேறு கோடுகள், பெண்டிங் (இன்னும் உறுதியாகாத) கோடுகள் உண்டா என்று பாருங்கள். பி0300 முதல் பி0304 வரை ஏதாவது மிஸ்ஃபயர் கோடு இருந்தால் கன்வெர்ட்டர் பேச்சே இப்போது வேண்டாம். பிளக், காயில், இன்ஜெக்டரை முதலில் சரி செய்யுங்கள். எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்தால் பீங்கான் உருகும் அளவுக்குச் சூடேறும். செக் என்ஜின் விளக்கு விட்டுவிட்டு மின்னினால் அதற்கு அர்த்தம் இதுதான், உடனே வேகத்தைக் குறைக்க வேண்டும்.

அடுத்து, வண்டியைப் பதினைந்து இருபது நிமிடம் ரோட்டில் ஓட்டி வாருங்கள். கன்வெர்ட்டர் 300 டிகிரியைத் தாண்டினால்தான் வேலைக்கு வரும். ஸ்லோவில் (ஆக்சிலரேட்டரை அழுத்தாமல்) நின்றபடி சூடேற்றினால் போதாது. ஏசியை அணைத்து, நியூட்ரலில் 2500 ஆர்பிஎம்மில் இரண்டு மூன்று நிமிடம் சீராகப் பிடித்து, அந்த நேரத்தில் பின்சென்சாரைப் பாருங்கள். நேர்கோடாக நின்றால் கன்வெர்ட்டர் பெரும்பாலும் பிழைத்திருக்கிறது. 2500இல் நேராகவும் ஸ்லோவில் ஆட்டமாகவும் இருந்தால் அவசரப்பட வேண்டாம், ஸ்லோவில் அது குளிர்ந்துபோவது இயல்பு. 2500இலும் அடங்காமல் ஆடினால் சந்தேகம் வலுக்கிறது.

பிறகு ஒரு முறை ஆக்சிலரேட்டரைச் சட்டென்று அழுத்தி விடுங்கள். பின்சென்சார் 0.8ஐத் தாண்டி ஏற வேண்டும். காலை எடுத்ததும் பெட்ரோல் நிற்பதால் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் விழ வேண்டும். இரண்டும் நடந்தால் சென்சார் உயிரோடு இருக்கிறது. இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும்: பி0420க்கு முதல் வைத்தியமாகப் பின்சென்சாரை மாற்றுவது பரவலான பழக்கம், பெரும்பாலும் வீண் செலவு. வயதான பின்சென்சார் மந்தமாகும், மந்தமான சென்சார் ஆட்டத்தைக் குறைத்துத்தான் காட்டும். அதாவது கெட்டுப்போன கன்வெர்ட்டரையும் நல்லதாகவே காட்டும். புது சென்சார் போட்டபின் கோடு இன்னும் வேகமாகத் திரும்பி வந்தால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. சென்சாரில் கோளாறு என்றால் வழக்கமாகப் பி0136 முதல் பி0141 வரையுள்ள கோடுகள் தனியாக வரும்.

ஹோண்டா, டொயோட்டா வண்டிகள் பலவற்றில் முன்னால் இருப்பது சாதாரண ஆக்சிஜன் சென்சார் கிடையாது, ஏர்-ஃப்யூயல் ரகம். அதில் 0.1, 0.9 ஆட்டத்தைத் தேடினால் கிடைக்காது, காற்றும் பெட்ரோலும் சரியான விகிதத்தில் உள்ளனவா என்று காட்டும் லாம்டா மதிப்பு 1 பக்கத்தில் நிற்கும். அந்த வண்டிகளிலும் பின்சென்சார் பழைய ரகமே என்பதால் மேலே சொன்ன சோதனை பொருந்தும்.

அடுத்த அளவு ஃப்யூயல் டிரிம், அதாவது கலவையைச் சரிக்கட்ட ஈசியூ பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் சதவீதம். ஷார்ட் டெர்ம், லாங் டெர்ம் இரண்டையும் கூட்டி வரும் எண் பத்து சதவீதத்துக்குள் இருந்தால் கலவையைப் பெரிதாகக் குறை சொல்ல வேண்டாம். ஸ்லோவில் கூடுதலாகவும் 2500இல் இயல்பாகவும் இருந்தால் இன்டேக் பக்கம் காற்று புகுகிறது, வேக்யூம் குழாய்களைப் பாருங்கள். ரேஸ் செய்யச் செய்யக் கூடினால் பெட்ரோல் பம்ப், ஃபில்டர், ஏர்ஃப்ளோ சென்சார் பக்கம் போக வேண்டும். மைனஸில் பத்தைத் தாண்டினால் பெட்ரோல் கூடுதலாகப் போகிறது. சைலன்சரில் அழுகிய முட்டை நாற்றமும் சேர்ந்திருந்தால் சந்தேகமே இல்லை. பழைய வண்டிக்காரர்கள் பதற வேண்டாத ஒரு விஷயமும் இதில் உண்டு. இப்போது பங்கில் வருவது இ20, அதாவது இருபது சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் கூடினால் அதே காற்றுக்குக் கூடுதல் எரிபொருள் தேவை. இ10இலிருந்து இ20க்கு வந்ததாலேயே லாங் டெர்ம் டிரிம் நான்கு சதவீதம் போலப் பிளஸ்ஸில் நகரும். அதைக் கோளாறாக எண்ணி இன்ஜெக்டரைக் கழற்றாதீர்கள். சிஎன்ஜி கிட் போட்ட வண்டியை இந்தச் சோதனைகள் எல்லாவற்றுக்கும் பெட்ரோலில் வைத்தே பாருங்கள்.

இத்தோடு ஸ்கேனரின் எல்லை முடிகிறது. பி0420இல் அதிகம் ஏமாற்றும் எக்ஸாஸ்ட் கசிவை எந்தச் செயலியும் காட்டாது. கசிவு என்றால் புகை வெளியேதானே போகும், சென்சாருக்கு என்ன என்று கேட்கலாம். புகை குழாயில் ஒரே சீராக ஓடுவதில்லை, துடிப்புத் துடிப்பாகப் போகிறது. ஒவ்வொரு துடிப்புக்கும் இடையே உண்டாகும் இழுவிசையில் வெளிக்காற்று விரிசல் வழியே உள்ளே புகும். அந்த ஆக்சிஜனைப் பார்க்கும் சென்சார் வோல்டேஜைக் கீழே இறக்கும், ஈசியூ ஏமாறும். மேனிஃபோல்டு பேக்கிங், இரண்டு சென்சார்களுக்கும் நடுவிலுள்ள வெல்டிங், பெல்லோஸ் குழாய், சென்சார் முறுக்கிய இடம் ஆகியவற்றைப் பாருங்கள். பேக்கிங் ஓரத்தில் விரல் வைத்துத் தேய்த்தால் ஒட்டும் மெல்லிய கரிக்கோடு நல்ல தடயம். உறுதி செய்ய, என்ஜின் நன்றாக ஆறியபின், சூடு காற்று அடிக்காத ப்ளோயர் ஒன்றைச் சைலன்சர் வாயில் துணி சுற்றிச் செருகி ஓடவிட்டு, இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் பூசுங்கள். நுரை பொங்கும் இடம்தான் ஓட்டை. காலையில் முதல் ஸ்டார்ட்டில் "டிக் டிக்" என்று கேட்டு, சூடானதும் மறையும் சத்தமும் மேனிஃபோல்டு கசிவின் அடையாளம். இரும்பு விரிந்து ஓட்டையை மூடிக்கொள்கிறது.

அடைப்பையும் இந்த அடாப்டர் சொல்லாது. அடைப்பு வேறு, பி0420 வேறு. புகை தாராளமாகப் போகும் கன்வெர்ட்டர் செத்திருக்கலாம், அடைத்துக்கொண்ட கன்வெர்ட்டர் கோடே போடாமல் இருக்கலாம். வண்டி ஏற்றத்தில் இழுக்கவில்லை என்றால் முன்சென்சாரைக் கழற்றி அந்த எம்18 (18 எம்எம் மரை) துளையில் பிரஷர் கேஜ் மாட்டச் சொல்லுங்கள். ஸ்லோவில் 1.5 பிஎஸ்ஐக்குள், 2500இல் 3 பிஎஸ்ஐக்குள் இருக்க வேண்டும். சென்சாருக்கு 22 எம்எம் பிளவு சாக்கெட் வேண்டும். மாட்டும்போது ஆன்டி-சீஸ் பசையை (மரை இறுகிப் பிடிக்காமல் தடுப்பது) மரையில் மட்டும் தடவ வேண்டும், முனையில் பட்டால் சென்சார் போச்சு. கன்வெர்ட்டரின் முன்னும் பின்னும் லேசர் தெர்மாமீட்டர் வைத்துப் பின்பக்கம் சூடு அதிகமா என்று பார்க்கும் வழக்கமும் உண்டு. கலவை சுத்தமாக எரியும் என்ஜினில் கன்வெர்ட்டருக்கு வேலை குறைவு, வித்தியாசமும் குறைவாகவே தெரியும். அதை வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது.

புகைச் சான்றிதழ் எடுக்கும் இடத்தையும் ஒரு சோதனைக் கருவியாகப் பயன்படுத்துங்கள். பிஎஸ்4 பெட்ரோல் காருக்கு ஸ்லோவில் கார்பன் மோனாக்சைடு 0.3 சதவீதம், ஹைட்ரோகார்பன் 200 பிபிஎம் என்பது வரம்பு. 2500 ஆர்பிஎம்மில் மோனாக்சைடு 0.2 சதவீதம், லாம்டா 0.97 முதல் 1.03 வரை. பாஸ் என்ற வார்த்தையோடு நின்றுவிடாமல் அந்த எண்களைக் கேட்டு வாங்குங்கள். மோனாக்சைடு மிகக் குறைவாக இருந்தும் லாம்டா 1.03ஐத் தாண்டினால், முன்பு சொன்ன கசிவைத்தான் மறுபடி தேட வேண்டும்.

இத்தனையும் பார்த்தபின்னும் 2500இல் பின்சென்சார் ஆடினால், கசிவு இல்லை, டிரிம் சரி, மிஸ்ஃபயர் இல்லை என்றால் கன்வெர்ட்டர் தேய்ந்துவிட்டது உண்மை. அப்போதும் ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது: எது அதைக் கொன்றது? ஈயம் கலந்த பெட்ரோல் 2000இலேயே நாட்டில் நின்றுவிட்டது. இன்றைய விஷம் என்ஜின் ஆயிலிலுள்ள பாஸ்பரஸ். ரிங் தேய்ந்து, வால்வ் சீல் காய்ந்து ஆயில் குடிக்கும் என்ஜினில் அது போய்ப் பீங்கான்மேல் படியும். ஹெட் கேஸ்கெட் வழியே கசியும் கூலன்ட்டும், கண்ட இடத்தில் அப்பிய சாதாரண சிலிக்கோன் பேஸ்ட்டும் இதே வேலையைச் செய்யும். டிப்ஸ்டிக்கை ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை பார்த்துக் குறித்து வையுங்கள். ஆயில் கணிசமாகக் குறைகிறது என்றால் அதைச் சரி செய்யாமல் புது கன்வெர்ட்டர் போடுவது காசைக் கரியாக்குவது. பாட்டிலில் விற்கும் கிளீனர் திரவம் படிந்துபோன பாஸ்பரஸை அகற்றாது. உள்கூட்டை உடைத்து வெற்று டப்பாவாக்குவதும், பின்சென்சாருக்குக் குழாய் நீட்டி ஈசியூவை ஏமாற்றுவதும் தெருவில் போகும் குழந்தைகளின் மூச்சில் நம் செலவை ஏற்றி வைப்பது. அவற்றைச் செய்து தரும் கடைகளுக்குப் போகாதீர்கள். கம்பெனி பாகத்துக்கு வழியில்லை என்றால் வெளிச்சந்தைக் கன்வெர்ட்டர் வாங்கலாம், ஆனால் உங்கள் என்ஜினுக்கும் பிஎஸ்4க்கும் என்று எழுத்தில் தருவதை மட்டும் வாங்குங்கள். உலோகப் பூச்சு மெலிந்த மலிவு ரகத்தில் சில மாதங்களிலேயே கோடு திரும்பும். பழையதைக் கடைக்காரரிடம் சும்மா விட்டுவிடவும் வேண்டாம். பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் இருப்பதால் அதற்கு நல்ல விலை உண்டு, பில்லில் கழித்துக் கேளுங்கள்.

ஸ்கேனரின் மற்ற குறைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சாக்கெட்டின் பதினாறாம் பின்னில் சாவி எடுத்தபின்னும் பேட்டரி கரன்ட் இருக்கும். அடாப்டரை மாட்டியே வைத்தால் அது 40 மில்லி ஆம்பியர் போலக் குடித்துக்கொண்டே இருக்கும், நாளுக்குக் கிட்டத்தட்ட ஒரு ஆம்பியர்-ஹவர். சின்னக் காரின் 35 ஆம்பியர்-ஹவர் பேட்டரி இரண்டு வாரம் நின்றால் ஸ்டார்ட் ஆகத் திணறும். அது காட்டும் பேட்டரி வோல்டேஜும் துல்லியம் கிடையாது, மல்டிமீட்டரோடு ஒருமுறை ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். ஏபிஎஸ், ஏர்பேக் கோடுகளை இதில் எதிர்பார்க்க வேண்டாம். அடிக்கடி வண்டி பார்ப்பவர்கள், குறிப்பாகக் கே-லைன் வண்டி வைத்திருப்பவர்கள், வீகேட் ஐகார் ப்ரோ போன்ற அடுத்த படிக்குப் போகலாம். ஓபிடிலிங்க் இன்னும் வேகம், ஆனால் ஒரே ஒரு பி0420க்காக அவ்வளவு விலை கொடுக்கத் தேவையில்லை.

ரிப்பேர் முடிந்து கோடை அழித்தபின் இரண்டு நாள் விளக்கு எரியவில்லை என்று நிம்மதி அடைந்துவிடாதீர்கள். பி0420 பெரும்பாலும் அடுத்தடுத்த இரண்டு ஓட்டத்தில் தோற்றால்தான் விளக்கை ஏற்றும். அழித்ததும் கேட்டலிஸ்ட் மானிட்டர் (கன்வெர்ட்டரை ஈசியூ தானே நடத்திப் பார்க்கும் சோதனை) "முடியவில்லை" நிலைக்குப் போய்விடும். நகர நெரிசலில் மட்டும் ஓட்டினால் பல நாள் அப்படியே கிடக்கும். பைபாஸில் 60 முதல் 80 கிலோமீட்டர் வேகத்தில் ஆக்சிலரேட்டரை ஆட்டாமல் பத்துப் பதினைந்து நிமிடம் ஓட்டி, பிறகு செயலியில், இந்தச் சோதனைகள் முடிந்தனவா என்று காட்டும் ரெடினஸ் பக்கத்தைத் திறந்து பாருங்கள். கேட்டலிஸ்ட் வரியில் "முடிந்தது" என்று வந்து, பெண்டிங் கோடும் இல்லாமல் இருந்தால் மோடு 6க்குப் போங்கள். அங்கே அளந்த மதிப்பும் வரம்பும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். அளந்தது வரம்பை விட்டு நன்றாக விலகி நின்றால் ஒர்க்‌ஷாப் பில்லைத் தயங்காமல் கட்டலாம். வரம்பை ஒட்டி நின்றால் இன்னொரு நீண்ட ஓட்டம் ஓட்டி மறுபடி பார்த்தபிறகு கட்டுங்கள்.